பிப்ரவரியில் வரும் அந்தக் கவர்: வாஷிங்டன் மாநிலத்தில் பள்ளி லெவிக்கு ஓட்டுப் போடுவதும் ஓட்டுக் கேட்பதும்

ஜனவரிக் கடைசியில், காஸ்ட்கோ கூப்பன் புத்தகத்துக்கும் பல் டாக்டர் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு கவர் வரும். மேலே கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் பெயர் இருக்கும். பிரித்தால் உள்ளே ஒரு வேட்பாளர் பெயர்கூட இருக்காது. பள்ளி மாவட்டத்தைப் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பற்றி ஒரு பத்தி, கீழே இரண்டு கட்டம், அவ்வளவுதான். நான் குடியுரிமை வாங்கிய முதல் வருடம் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். மார்ச் மாதம் வீட்டை ஒழிக்கும்போதுதான் மறுபடி கண்ணில் பட்டது. தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், இசாக்குவா, பாத்தெல் என்று சியாட்டிலைச் சுற்றியுள்ள ஊர்களில் நம்மவர்கள் வீடு வாங்குவதே பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான். அந்தப் பள்ளிக்கூடம் எந்தப் பணத்தில் ஓடுகிறது, அதில் லெவி என்னும் உள்ளூர் வரிப் பணம் சில வருடங்களுக்கு ஒருமுறை யாருடைய ஓட்டில் நிற்கிறது என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதெல்லாம் வாஷிங்டன் மாநிலத்து நடைமுறை. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில்: லெவி என்றால் என்ன?

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டு வரி போடலாமா வேண்டாமான்னு ஜனங்க கிட்டயே கேக்கறாங்களா?" என்றார். அவருக்கு நம்பவே முடியவில்லை. நம் ஊரில் நகராட்சி வீட்டு வரியை ஏற்றினால் நோட்டீஸ்தான் வரும். இங்கே பள்ளி மாவட்டம் உள்ளூரில் கூடுதல் சொத்து வரி வசூலிக்க வேண்டுமென்றால், அந்த மாவட்டத்து வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும். சாதாரண சொத்து வரி மொத்தமும் வீட்டு மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மாநில அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதற்கு மேல் வாங்குவது ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். பள்ளி லெவி அந்த வகை.

அடுத்த கேள்வியும் அப்பாதான் கேட்டார்: "அப்போ கவர்ன்மென்ட் பணம் தரலையா?"

தருகிறது. பள்ளி மாவட்டங்களின் வருமானத்தில் பெரும்பகுதி மாநிலத்திலிருந்துதான் வருகிறது. வாஷிங்டன் அரசியல் சாசனம் குழந்தைகளின் கல்வியை மாநிலத்தின் தலையாய கடமை என்கிறது. ஆனால் 'அடிப்படைக் கல்வி' என்று எதைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் காலம்காலமாக வழக்கு. 1975இல் சியாட்டிலில் லெவி இரண்டு முறை தோற்றது. அதையடுத்து மாவட்டம் மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது. அடிப்படைக் கல்விக்கு மாநிலமே முழுதாகப் பணம் தர வேண்டும் என்ற தீர்ப்பு அதிலிருந்து வந்தது. 2007இல் தொடங்கிய மெக்லியரி வழக்கில், மாநிலம் இன்னும் அந்தக் கடமையைச் செய்யவில்லை என்று 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015இல் நாளொன்றுக்கு 1 லட்சம் டாலர் அபராதம்கூட விதித்தது. 2017இல் சட்டமன்றம் மாநிலச் சொத்து வரியை உயர்த்தி, பதிலுக்கு உள்ளூர் லெவிக்கு உச்சவரம்பு போட்டது. 2019இல் அதைத் தளர்த்தியது, 2025இல் மீண்டும் உயர்த்தியது. 2018இல் வழக்கு முடிந்துவிட்டது. இடைவெளி முடியவில்லை.

அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு எண் சொல்கிறேன். மாநிலம் ஒரு 'மாதிரிப் பள்ளி'யை வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் ஆலோசகர் என்று பின்னக் கணக்கில் பணம் அனுப்புகிறது. 400 குழந்தைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிக்குப் பல வருடங்களாக அந்தக் கணக்கில் இருந்த நர்ஸ் 0.076. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்றால், 3 மணி நேரம். ஆஸ்துமா இருக்கிற பிள்ளைக்கு அந்த 3 மணி நேரத்துக்குள்தான் மூச்சிரைக்க வேண்டும்! 2022இல் வந்த சட்டம் இந்த எண்ணைக் கூட்டியது. ஆனால் அதற்கு முன்பும் உங்கள் பள்ளியில் நர்ஸ் தினமும் இருந்தார் என்றால், மீதிச் சம்பளத்தை யாரோ கொடுத்திருக்கிறார்கள். அநேகமாக லெவி. சிறப்புக் கல்வி, வகுப்பில் உதவியாக நிற்கும் துணை ஆசிரியர்கள், இசைக்குழு, விளையாட்டு எல்லாவற்றிலும் இதே கதைதான்.

லெவி வேறு, பாண்டு வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லெவி படிப்புக்கு, பாண்டு கட்டடத்துக்கு என்று இங்கே சொல்வார்கள். தினசரிச் செலவுக்கான லெவி அதிகபட்சம் 4 வருடம். கம்ப்யூட்டர், பராமரிப்பு போன்றவற்றுக்கான லெவி 6 வருடம் வரை போகலாம். பாண்டு என்பது கடன். புதுப் பள்ளி கட்டக் கடன் வாங்கி, பல வருடங்களில் அடைப்பார்கள்.

ஜெயிக்க வேண்டிய அளவும் வேறு. லெவிக்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும். 2007இல் அரசியல் சாசனத்தைத் திருத்தித்தான் இது வந்தது. அதுவரை லெவிக்கும் 60 சதவீதம் வேண்டும். பாண்டுக்கு இன்றும் 60 சதவீதம் வேண்டும்.

உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள்

யாரிடமும் பேசுவதற்கு முன் இதை உங்கள் வீட்டுக்குச் செய்து பாருங்கள். பேலட்டில் (அந்தக் கவரில் வரும் ஓட்டுச்சீட்டில்) இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு வசூல். இன்னொன்று, வீட்டு மதிப்பில் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் எவ்வளவு என்ற உத்தேச விகிதம். விகிதம் 1 டாலர் என்றால், கவுண்டி மதிப்பிட்ட விலை 10 லட்சம் டாலராக இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 1,000 டாலர், மாதத்துக்கு 83 டாலர் சொச்சம். ஸில்லோ போன்ற வீட்டு விற்பனைத் தளத்தில் பார்க்கும் விலையை எடுக்காதீர்கள். சொத்துக்கு மதிப்புப் போடும் கவுண்டி அசெஸ்ஸர் அனுப்பும் கார்டில் இருக்கும் மதிப்புதான் கணக்கு.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். "வீட்டு விலை ஏறிப்போச்சு, ஸ்கூலுக்குத் தானா நிறையப் பணம் போகுமே, எதுக்கு மறுபடி கேக்கறாங்க?" இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அப்படிப் போகாது. வாக்காளர் ஒப்புக்கொள்வது மொத்தத் தொகையைத்தான்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். திருவிழாச் செலவு இவ்வளவு என்று முதலில் முடிவாகும், பிறகு தலைக்கட்டுகளுக்குப் பங்கு போடுவார்கள். ஊரில் புதுத் தலைக்கட்டு பத்து சேர்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையுமே தவிர, திருவிழாவுக்குப் பணம் கூடாது. இங்கே பங்கு சமமாக இல்லாமல் வீட்டு மதிப்புக்குத் தக்கபடி. மாவட்டத்துக்கு 6 கோடி டாலர் ஒப்புதல், மாவட்டத்தின் மொத்தச் சொத்து மதிப்பு 6,000 கோடி என்றால் விகிதம் 1 டாலர். எல்லார் வீடும் 10 சதவீதம் ஏறி மொத்தம் 6,600 கோடி ஆனால், விகிதம் 91 சென்ட் ஆகிவிடும். 11 லட்சமாகிவிட்ட உங்கள் வீட்டுக்கு அப்போதும் ஏறத்தாழ அதே 1,000 டாலர்தான். மற்றவர்கள் வீட்டைவிட உங்கள் வீடு அதிகமாக ஏறியிருந்தால் மட்டும் உங்கள் பங்கு கூடும்.

வாடகைக்கு இருப்பவர்கள் "நமக்கென்ன" என்று விட வேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகையில்தான் இருக்கிறது. ஓட்டுரிமைக்குச் சொந்த வீடு தேவையில்லை.

ஏன் பற்றாக்குறை என்று நேராகக் கேளுங்கள்

"லெவியும் வாங்குகிறார்கள், பிறகும் பணமில்லை என்கிறார்கள்" என்ற எரிச்சல் நியாயமானது. பதில் தெரியாமல் ஆதரவு கேட்கப் போகாதீர்கள். மாநிலப் பணம் தலைக்கணக்கில் வருகிறது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பணம் குறையும், ஆனால் கட்டடமும் பஸ் ரூட்டும் அப்படியே இருக்கும். பெல்வியூவில் 2023இல் இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூடி மற்றப் பள்ளிகளோடு சேர்த்தார்கள். சியாட்டிலில் 2024இல் 20 பள்ளிகள் வரை மூடும் பேச்சு எழுந்து, நான்காகச் சுருங்கி, கடைசியில் அதுவும் கைவிடப்பட்டது. கோவிட் காலத்தில் மத்திய அரசு தந்த உதவிப் பணம் 2024 செப்டம்பரோடு தீர்ந்தது. சிறப்புக் கல்விக்கு மாநிலம் தருவதைவிட மாவட்டங்கள் அதிகம் செலவழிக்கின்றன.

உங்கள் மாவட்டத்தில் இதில் எது பெரிய காரணம் என்று தெரிந்துகொள்ள, பள்ளி வாரியக் கூட்டத்துக்கு ஒருமுறை போங்கள். பொதுமக்கள் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கியிருப்பார்கள். எஃப்-195 என்ற படிவத்தில் மாவட்டத்தின் முழு பட்ஜெட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, "லெவிப் பணத்தில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள்? தோற்றால் முதலில் எதை வெட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். திட்டவட்டமான பதில் கிடைத்தால் அதை அப்படியே அக்கம்பக்கத்தில் சொல்லலாம். மழுப்பினால் மறுபடி கேளுங்கள். எந்தக் கேள்வியும் கேட்காமல் ஆதரிப்பதைவிட, கேட்டுவிட்டு ஆதரிப்பவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

யார் ஓட்டுப் போடலாம்: இந்தப் பகுதியைத் தவற விடாதீர்கள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் மட்டும்தான். எச்1பி, எச்4, எல்1 விசாவில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கும் இல்லை. வரி கட்டுகிறோம், பிள்ளை படிக்கிறது என்பதெல்லாம் இதில் செல்லாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று கேட்டால், குடியுரிமை இல்லாதவர்கள் நிதானமாகப் படித்து 'இல்லை' என்று சொல்லுங்கள். தெரியாமல் பதிவானாலும் பின்னால் பெரிய சிக்கல். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா" என்ற கேள்வியே இருக்கிறது. நாடு கடத்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது.

ஆனால் வீட்டில் இன்னொருவர் இருக்கலாம். கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து வருடமாக நிற்கும் எத்தனையோ குடும்பங்களில், இங்கே பிறந்த பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை அமெரிக்கக் குடிமகன். 16 வயதிலேயே முன்பதிவு செய்துவைக்கலாம். தம்பி, தங்கைகள் இன்னும் அதே பள்ளியில் படிக்கும்போது, அந்த வீட்டின் ஒரே ஓட்டு அந்தப் பிள்ளையுடையது. வெளியூர் கல்லூரிக்குப் போயிருந்தால் பேலட்டை அங்கே வரவழைக்கும் வசதியும் உண்டு. டிசம்பர் விடுமுறைக்கு வரும்போதே விலாசத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் பதிவு செய்ய, தேர்தலுக்கு 8 நாள் முன்புவரை நேரம். அதைத் தவறவிட்டால் தேர்தல் அன்று இரவு 8 மணிக்குள் நேரில் போய்ப் பதிவு செய்து அங்கேயே ஓட்டும் போடலாம்.

பேலட் வந்ததும்

தேர்தலுக்கு 18 நாள் முன்பு தபாலில் அனுப்புகிறார்கள். பிப்ரவரித் தேர்தல் இரண்டாவது செவ்வாய், ஏப்ரல் தேர்தல் நான்காவது செவ்வாய். கூடவே வரும் வாக்காளர் கையேட்டில் ஆதரவாளர்கள் வாதமும் எதிர்ப்பாளர்கள் வாதமும் அருகருகே இருக்கும். எதிர்ப்பாளர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள் அதில்தான் இருக்கும். சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியில் வேறு சில மொழிகளிலும் பேலட் கிடைக்கிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் பெரியவர்கள் குடியுரிமை பெற்றவர்களாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கட்டத்தை அவர்களே நிரப்பட்டும்.

கவரில் கையெழுத்துப் போடும் இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. டிரைவிங் லைசென்ஸில் முழுப் பெயரை நீட்டி எழுதியிருப்போம், பேங்கில் இனிஷியலோடு ஒரு கிறுக்கல், பழைய பாஸ்போர்ட்டில் தமிழ்க் கையெழுத்து. தேர்தல் அலுவலகம் தன் கோப்பில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடும். பெரும்பாலும் அது லைசென்ஸ் எடுக்கும்போது போட்டது. என் மனைவியின் கையெழுத்து ஒருமுறை ஒத்துப்போகவில்லை என்று கடிதம் வந்தது. அதிலிருந்த படிவத்தில் மறுபடி கையெழுத்திட்டு அனுப்பியதும் ஓட்டு எண்ணப்பட்டது. அப்படிக் கடிதம் வந்தால் பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். கெடு முடிந்தால் ஓட்டுப் போய்விடும்.

தபாலில் போட ஸ்டாம்ப் தேவையில்லை. ஆனால் தேர்தல் தேதிக்குள் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். கடைசி நாளில் தபால் பெட்டியை நம்பாதீர்கள். நூலகம், நகர மன்றம் அருகே இருக்கும் டிராப் பாக்ஸில் இரவு 8 மணிக்குள் போட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்ததா, கையெழுத்தை ஏற்றார்களா என்று மாநிலத்தின் வோட்-டபிள்யூஏ (VoteWA) தளத்தில் பார்க்கலாம்.

ஓட்டுக் கேட்பது: எது கூடும், எது கூடாது

பள்ளி மாவட்டம் தன் பணத்திலோ கட்டடத்திலோ "ஆதரவாக ஓட்டுப் போடுங்கள்" என்று கேட்கக்கூடாது. மாநிலச் சட்டம் அது. தகவல் மட்டும் தரலாம். அதனால்தான் பிரின்சிபால் அனுப்பும் மெயில் அவ்வளவு மொட்டையாக இருக்கிறது. அக்கறை இல்லாமல் இல்லை, அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. வகுப்பு மெயில் பட்டியலைப் பிரசாரத்துக்கு எடுக்காதீர்கள். பிள்ளைகள் பையில் நோட்டீஸ் அனுப்பும்படி டீச்சரிடம் கேட்காதீர்கள். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும்.

ஆகவே கேட்கும் வேலை பெற்றோர் தலையில் விழுகிறது. அநேகமாக ஒவ்வொரு மாவட்டத்திலும் பெற்றோர் தன்னார்வக் குழு ஒன்று இருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் லெவிக்கு ஆதரவு தெரிவிக்கலாம். அங்கே பெயர் கொடுங்கள். வெளிநாட்டவர் தேர்தல் பிரசாரங்களுக்குப் பணம் தருவதற்குச் சட்டத் தடைகள் உண்டு. விசாவில் இருப்பவர்கள் பணம் கொடுக்கும் பக்கம் போக வேண்டாம். விஷயத்தை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

நோட்டீஸை வீட்டுத் தபால் பெட்டிக்குள் போடாதீர்கள். ஸ்டாம்ப் ஒட்டாததை அதற்குள் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம். கதவுப் பிடியில் மாட்டுங்கள்.

வாட்ஸப் குழுவில் ஃபார்வர்ட் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பேலட் வீட்டுக்கு வரும் சமயமும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா வைக்கும் சமயமும் ஏறக்குறைய ஒன்றுதான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "அண்ணா, பேலட் வந்துச்சா? கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேளுங்கள். பிப்ரவரித் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்கள் குறைவு. ஐந்து குடும்பம் கூடுதலாகப் போட்டால் அது எண்ணிக்கையில் தெரியும்.

வாசல் வாசலாகப் போகும்போது வாதம் செய்யாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ரிடையர் ஆகிப் பல வருடம் ஆனவர். பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். "என் வருமானம் ஏறலை, வரி மட்டும் ஏறுது" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் பள்ளியின் பெருமையைப் பேசவில்லை. 61 வயது ஆகி, வருமானம் ஒரு வரம்புக்குள் இருந்தால், சொத்து வரி விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், இந்த லெவிகள் அவர் வீட்டுக்குக் கழிந்துவிடும் என்று சொல்லி, அசெஸ்ஸர் அலுவலகப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்த விண்ணப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், இரண்டு பேருமாக உட்கார்ந்து நிரப்பினோம்.

இன்னொன்றிலும் கவனம் வேண்டும். முடியப்போகும் லெவிக்குப் பதிலாக வருவதை 'மாற்று லெவி' என்பார்கள். "இது புது வரி இல்லை" என்று சொல்வது சரி. ஆனால் தொகை முன்பைவிடக் கூடியிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு, கேட்பவர் பேலட்டில் பார்த்துக் கண்டுபிடித்தால், நீங்கள் சொன்ன மற்ற எதையும் அவர் நம்பமாட்டார்.

தோற்றால்

ஒரே வருடத்தில் இரண்டு முறைதான் கேட்க முடியும். பிப்ரவரியில் தோற்றால் பெரும்பாலும் ஏப்ரலில் மறுபடி வரும். அடுத்த கல்வியாண்டுக்கு வேலை இல்லை என்றால் ஆசிரியர்களுக்குப் பொதுவாக மே 15க்குள் சொல்லியாக வேண்டும். அதனால் ஏப்ரல் முடிவு தெரிந்த கையோடு நோட்டீஸ் போகும்.

ஸ்னோஹோமிஷ் கவுண்டியில் மேரிஸ்வில் மாவட்டத்துக்கு இது நடந்தது. 2022இல் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் லெவி தோற்றது. 2023 பிப்ரவரியில் ஜெயித்தது. ஆனால் லெவி வசூல் அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும், ஏப்ரல் 30க்கும் அக்டோபர் 31க்கும் இரண்டு தவணையாகத்தான் கைக்கு வரும். நடுவில் ஒரு வருட வசூல் போனது. மாவட்டம் மாநிலத்தின் நிதிக் கண்காணிப்புக்குள் போக வேண்டி வந்தது. சொத்து மதிப்புக் குறைந்த மாவட்டங்களுக்கு மாநிலம் ஈடுகட்டித் தரும் உதவிப் பணம் ஒன்று உண்டு. உள்ளூர் லெவி இல்லையென்றால் அதுவும் கிடைக்காது.

தேர்தல் அன்று இரவு

8 மணிக்கு டிராப் பாக்ஸ் மூடியதும் முதல் எண்ணிக்கை வெளியாகும். அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். கடைசி நாளில் போட்ட ஓட்டுகள் அடுத்தடுத்த நாட்களில்தான் எண்ணப்படும். நெருக்கமான போட்டியில் முடிவு புரளலாம். கையெழுத்துச் சரியில்லாத ஓட்டுகளைச் சரிசெய்ய அந்த நாட்களிலும் வாய்ப்பு உண்டு. நீங்கள் பேசிய ஐந்து குடும்பத்துக்கும் புதன்கிழமை ஒரு போன் போட்டு, அவரவர் பேலட் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு உறுதியானதும், இந்த லெவி எந்த வருடம் முடிகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய ஜனவரிக்கு போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை என் மகள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த முறை அவளுக்கும் ஒரு கவர் வரும்.